வலை எறிந்த பதினாயிரம் பேர்

"18.09.2011, ஞாயிறு. டவுன் தியேட்டரில் பகல் காட்சி. வெளிநாட்டுப் படம், தமிழ் பேசியது. அலை பிழை. தங்கச்சி சொல்வது சரியாக இருக்கலாம்."

எனது நாட்குறிப்பில் அந்தத் திகதிக்கு இருப்பது இவ்வளவே. வழக்கமாக ஒரு படம் பார்த்தால் பெயர், மொழி, யாரோடு போனேன், இடைவேளையில் மழை பெய்ததா என்பது வரைக்கும் எழுதுவேன். மட்டக்களப்பு வாவியின் முகத்துவாரம் எந்த நாளில் வெட்டப்பட்டது, எந்த வயல் வட்டையில் முதலில் விதைப்பு நடந்தது என்றெல்லாம் குறித்து வைப்பவனுக்கு அது ஒரு பழக்கம். அன்று படத்தின் பெயரைக்கூட எழுதவில்லை. இங்கும் எழுதப்போவதில்லை. பார்த்தவர்கள் ஊகித்துக்கொள்வார்கள். பார்க்காதவர்களுக்கு நட்டம் ஒன்றுமில்லை.

அந்தப் படம் வருமுன்பே ஒரு வருடமாக அதைப் பற்றித்தான் பேச்சு. கொழும்பிலிருந்து வரும் ஞாயிற்றுப் பத்திரிகைகள் முழுப் பக்கம் ஒதுக்கின. தொலைக்காட்சியில் செய்திக்கும் நாடகத்துக்கும் நடுவில் அதன் துண்டுகள் வந்தன. மட்டக்களப்பு பஸ் நிலையத்துச் சுவரில் ஒட்டியிருந்த சுவரொட்டியில் சிறகு முளைத்த ஒரு மிருகத்தின் மேல் ஓர் அரசி அமர்ந்திருந்தாள். கீழே மஞ்சள் எழுத்தில், "பதினாயிரம் வீரர்கள் மோதும் மாபெரும் போர்" என்று இருந்தது. எனக்கும் ஆவல் இருந்தது. பள்ளிக்கூட நாளிலிருந்து பிறநாட்டுப் புராணங்களையும் பழங்கதைகளையும் மொழிபெயர்ப்பில் தேடித் தேடிப் படித்தவன் நான். பறக்கும் பிராணிகளும் முகிலுக்கு மேல் கட்டிய நகரங்களும் எனக்குள்ளே பல வருடங்களாகக் குடியிருந்தன. யாரோ ஒருவர் அவற்றைத் திரையில் காட்டிவிட்டார் என்று நம்பினேன். கூட்டுறவுச் சங்கத்தில் என்னோடு கணக்கு எழுதும் இலிகித வேலை பார்த்தவர்களிடம், படம் வந்தால் அரை நாள் லீவு போடுவேன் என்றும் சொல்லியிருந்தேன்.

ஆவணி மாதத்தில் டோஹாவிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அழைத்தவன் என் தங்கச்சி கணவனின் தம்பி. அங்கே ஒரு கம்பனியில் வாகனம் ஓட்டுகிறான். படம் எங்கள் ஊருக்கு வருமுன்பே அங்கே வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை லீவில் கூட்டாளிகளோடு போய்ப் பார்த்திருக்கிறான். நான் அப்போது களுதாவளையில் தங்கச்சி வீட்டில் இருந்தேன். அவள் தோட்டத்தில் ஆய்ந்த வெற்றிலையை அடுக்கிக்கொண்டிருந்தாள். கை ஈரமாக இருந்ததால் தொலைபேசியை நிலத்தில் வைத்து, சத்தத்தைக் கூட்டிவிட்டாள்.

"மச்சாள், நான் ஒண்டு சொல்லப்போறன். பதறாதீங்க."

"நீ இப்பிடிச் சொன்னாத்தான் பதறும். சொல்லு."

"அண்ணனக் கண்டனான்."

தங்கச்சி வெற்றிலையை வைத்தாள். "எங்க?"

"படத்தில. சண்டை வருது மச்சாள், அந்தப் பறக்குற சாமான வலை போட்டுப் புடிக்கிறானுகள். அதில ஒரு ஆள் ஈயத்தப் பல்லில கடிச்சிட்டு, இடப்பக்கத்தால கிறுகி எறியுறார். நம்மட அண்ணன். நான் கதிரையால எழும்பிட்டன். பின்னுக்கு இருந்தவன் ஏசுறான்."

"முகம் கண்டியா?"

"தலையில இரும்புத் தொப்பி. ஆனா மச்சாள், எனக்கு எறியப் பழக்கினது ஆரு? அந்தக் கிறுகல் எனக்குத் தெரியாதா?"

கிறுகுவது என்றால் எங்கள் பக்கத்தில் திரும்புவது. வீச்சுவலை எறிகிறவன் வலையின் ஒரு பங்கைத் தோளிலும் ஒரு பங்கைக் கையிலும் பிரித்து, ஈயக்குண்டு கட்டிய விளிம்பில் ஒரு பிடியைப் பல்லால் கவ்விக்கொண்டு, இடுப்பை ஒரு தரம் கிறுகித்தான் எறிவான். வலை வட்டமாக விரிவதெல்லாம் அந்தக் கிறுகலில் இருக்கிறது. என் மச்சான், அதாவது தங்கச்சியின் கணவன், இடக்கைக்காரன். தோணியின் முனையில் அவன் நின்றால் பின்னால் இருப்பவன் எதிர்ப்பக்கம் சாயப் பழகவேண்டும். அதனால் அவனோடு தொழிலுக்குப் போக ஆட்கள் யோசிப்பார்கள். "இவன் எறிஞ்சா மீனுக்கே திசை குழம்பும்" என்று கரையில் நின்று கேலி பண்ணுவார்கள். வாவியின் அக்கரையில் நின்று பார்த்தாலும், ஆள் புள்ளியாகத் தெரிந்தாலும், எறி இடப்பக்கத்தால் போனால் அது அவன்தான் என்று சொல்லிவிடலாம். எங்கள் பக்கத்தில் வேறு யாரும் அப்படி எறிந்ததில்லை.

அவனுக்கு ஊர் மாங்கேணி. எங்கள் வழக்கப்படி கலியாணம் முடித்துத் தங்கச்சி வீட்டுக்கு வந்தவன். கடல்கரையில் பிறந்திருந்தும் கடலை விட வாவி பிடித்துப்போய்விட்டது.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் தாயைப் பார்க்க மாங்கேணிக்குப் பஸ் ஏறினான். அன்று காலையில் என்ன நடந்தது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. தங்கச்சி வீடு வாவிப் பக்கத்தில் இருந்ததால் தண்ணீர் அங்கே எட்டவில்லை. ஆனால் வடக்கே வாகரைப் பக்கத்துக் கரையோரம் துடைத்தெடுத்தாற்போல் போய்விட்டது என்று சேதி வந்தது. வீதி இல்லை, தொலைபேசி இல்லை. இரண்டாம் நாள் வீட்டில் ஒப்பாரி தொடங்கிவிட்டது. மூன்றாம் நாள் பின்னேரம், யாருடையதோ சேட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு, படலையைத் திறந்து அவன் உள்ளே வந்தான். தாயைக் கூரைக்கு ஏற்றிக் காப்பாற்றிவிட்டு, பாதித் தூரம் நடந்தே வந்திருக்கிறான். முற்றத்தில் மாரடித்துக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்து அவன் கேட்டது ஒரே கேள்வி:

"ஆர் செத்தது?"

அந்தக் கதையை அதற்குப் பிறகு சிரிக்காமல் சொன்னவர் எங்கள் குடும்பத்தில் இல்லை. தங்கச்சி மட்டும் சிரிக்கமாட்டாள். உயிரோடு இருந்தவனை அழுது அனுப்பப் பார்த்தோமே என்ற கூச்சம் அவளுக்குள் ஆழமாக இறங்கிவிட்டது.

2006 கடைசியில் வாகரைப் பக்கம் செல் குண்டு விழத் தொடங்கியபோது தாயைக் கூட்டிவர மறுபடியும் போனான். பாதை பூட்டுப்பட்டது. 2007 தையில் அங்கிருந்த சனம் காட்டாலும் கரையாலும் வாழைச்சேனைப் பக்கம் வந்து சேர்ந்தபோது தாய் வந்தாள், அவன் வரவில்லை. கட்டியிருந்த மாடுகளை அவிழ்த்துவிட்டு வருவதாகச் சொல்லித் திரும்பிப் போனான் என்று முகாமில் வைத்துத் தாய் எங்களிடம் சொன்னாள். ஓட்டமாவடியில் நெல் வாங்கும் ஒருவர், அவனைப் போல ஒருவர் பொலநறுவை பஸ்ஸில் ஏறியதைக் கண்டதாகச் சொன்னார். அதற்கு மறுகா யாரும் எதுவும் சொல்லவில்லை. அடுத்த வருடம் தாயும் போய்ச் சேர்ந்தாள்.

2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தது. தடுப்பு முகாம்களிலிருந்து ஆட்களை விடுகிறார்கள் என்று கேள்விப்பட்ட இடத்துக்கெல்லாம் தங்கச்சி போனாள். சில பயணங்களில் நானும் கூடப் போனேன். அவளிடம் இருந்தது கலியாணப் படம் ஒன்றும், அடையாள அட்டைப் பிரதியும்தான். இரண்டிலும் அவன் பொடியன் போல இருந்தான். காணாமற்போனவர்களைத் தேடிக்கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் கொடுத்தபோது, கிட்டடியில் எடுத்த படம் இல்லையா என்று கேட்டார்கள்.

குடும்பத்துப் பெரியவர்கள் அமுது கொடுக்கச் சொன்னார்கள். அமுது என்பது எங்கள் பக்கத்தில் இறந்தவருக்குச் சோறு படைத்து ஊருக்கும் கொடுப்பது. அதைக் கொடுத்துவிட்டால் ஆள் போய்விட்டார் என்று ஒப்புக்கொண்டதாக ஆகும். பெரியப்பா ஒரு நாள் நேரே வந்து சொன்னார்.

"புள்ள, அவன் பசியோட அலைவான். ஒரு அமுத குடுத்து விடு."

"ஒருக்கா அழுதது காணும் பெரியப்பா. அவர் வந்து படலையில நிண்டு ஆர் செத்தது எண்டு கேட்டா, நீங்களா பதில் சொல்லுவீங்க?"

பெரியப்பா எழும்பிப் போய்விட்டார்.

டோஹாவிலிருந்து வந்த அழைப்பு இப்படிப்பட்ட ஒரு வீட்டுக்குத்தான் வந்தது. உலகத்தின் பல பக்கங்களில் வீச்சுவலை எறிகிறார்கள், பல இடங்களில் விளிம்பைப் பல்லால்தான் கவ்வுகிறார்கள் என்று படித்திருக்கிறேன். அதைத் தங்கச்சியிடம் அன்றே சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை.

"அண்ணா, நீங்க படிச்சதில இடக்கையால எறியுறவன் எத்தின பேர்?"

"அது எழுதல்ல."

"பதினாயிரம் பேர் எண்டு போட்டிருக்கானுகள். அவ்வளவு பேருக்கு எங்க போவானுகள்? சொந்தச் சனத்தையா இரும்புத் தொப்பி போட்டு வெயில்ல நிப்பாட்டுவானுகள்? வள்ளத்தில போய் இறங்கின அகதிகளத்தான் புடிச்சிருப்பானுகள்."

வள்ளங்களில் ஆட்கள் வெளிநாடுகளுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. போனவர்களில் சிலரிடமிருந்து வருடங்கள் கழித்துச் சேதி வந்திருந்தது. சுவரொட்டியில் எழுதிய அந்தப் பதினாயிரம், வெறும் விளம்பரம் என்று நான் தாண்டிப்போன சொல், அவளுக்கு ஒரு கணக்காகப் பட்டது. அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒருவனுக்கு இடம் இருக்கத்தானே வேண்டும்.

செப்ரெம்பரில் படம் மட்டக்களப்புக்கு வந்தது. தங்கச்சியும், அவள் மகளும், நானும் போனோம். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. தகப்பனின் முகம் அவளுக்குக் கலியாணப் படத்திலிருந்துதான் தெரியும்.

படம் தொடங்கிச் சிறிது நேரத்திலேயே என் ஆவல் அடங்கிவிட்டது. முகிலின் மேல் நகரம் இருந்தது, உண்மைதான். ஆனால் அதில் சமைக்கிறவர், துணி காயப்போடுகிறவர் என்று ஒருவர்கூட இல்லை. சிறகு மிருகம் சென்னைத் தமிழ் பேசியது. "இன்னா லுக்கு?" என்று அது அரசியைக் கேட்டபோது தியேட்டர் சிரித்தது. நானும் சிரித்தேன். பின்பு ஓர் அலை வந்து அந்த அரசியின் துறைமுகத்தை அழித்தது. நீல நிறத்தில், சுருண்டு, உச்சியில் வெள்ளை நுரை வைத்து, ஓவியம் போல வந்தது. எங்கள் வரிசையில் பாதிப் பேர் கால்களைத் தூக்கிக் கதிரையின் மேல் வைத்துக்கொண்டார்கள். முன்னால் இருந்த ஒரு பெண் பிள்ளையை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். 2004இல் எங்களுக்கு வந்த அலை கறுப்பு. அதில் நுரை இல்லை, கதவுகளும் பனை வடலியும் தகரமும் இருந்தன. "அலை பிழை" என்று நான் எழுதியது அதைத்தான். தங்கச்சி அந்த அலையைக் கவனித்தாளா என்றே தெரியவில்லை. போர் எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருந்தாள்.

போர் வந்தது. மலைச்சரிவு முழுக்க வீரர்கள். மிருகங்கள் தாழ்ந்து பறந்தபோது ஒரு வரிசை வலைகளை எடுத்தது. கமெரா ஒருவனுக்குக் கிட்டே போனது. முகத்தில், தலைக்கவசத்துக்குக் கீழே, வாயும் நாடியும் மட்டும் தெரிந்தன. விளிம்பைப் பல்லால் கவ்வினான். இடப்பக்கத்தால் கிறுகினான். வலை போனது. அவ்வளவுதான், காட்சி மாறிவிட்டது.

தங்கச்சி என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் இறங்கியது. "அண்ணா" என்றாள். அந்த இடுப்பு, எறிந்த பிறகு வலக்கால் அரை அடி முன்னே வரும் விதம். நான் வாவிக் கரையில் நின்று பார்த்திருக்கிறேன். சரியாக இருக்கலாம் என்று எழுதினேன். என்னைப் போன்றவன் "இருக்கலாம்" என்று எழுதுவது சாதாரண விடயம் அல்ல.

அதற்குப் பிறகு வந்த நாட்களைத்தான் என்னால் நினைத்துப் பார்க்க முடிவதில்லை. தங்கச்சி நேரே பெரியப்பா வீட்டுக்குப் போனாள். "அமுது குடுக்கச் சொன்னீங்களே, போய்ப் படத்தப் பாருங்க" என்றாள். குடும்பத்தில் இருந்தவர்களும், மச்சானோடு தொழிலுக்குப் போனவர்களும் ஒரு வாடகை வான் பிடித்துப் போனார்கள். பெரியப்பா வாழ்நாளில் வெளிநாட்டுப் படம் பார்த்தவரல்ல. திரும்பி வரும்போது வானுக்குள் ஒரே வாக்குவாதம்.

"முகம் விளங்கல்லையே கா."

"முகம் என்னத்துக்கு? அவன்ட பின்பக்கத்தப் பாத்து எத்தின வருஷம் தோணி வலிச்சன். அவன்தான்."

"அவன் சரியா மெலிஞ்சிட்டான்."

"அங்க சோறு கிடைக்காது. பாண்தான்."

பெரியப்பா கடைசியில் சொன்னார்: "அந்தச் செட்டைப் பேய அவன் புடிச்சானா இல்லையா எண்டு காட்டாம விட்டுட்டானுகள்." எல்லாரும் சிரித்தார்கள். ஊரில் அமுதுப் பேச்சு நின்றது. தங்கச்சி பல காலத்துக்குப் பிறகு சீலையில் நிறம் பார்த்து எடுத்ததை நான் கண்டேன். மகள் வகுப்பில் அப்பா நடித்த படம் என்று சொல்லிவிட்டாள். ரீச்சர் கூப்பிட்டு விசாரித்தபோது, தங்கச்சி மறுக்கவில்லை.

கிட்டடியில் எடுத்த படம் ஒன்று இப்போது இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. திரையிலிருந்து அந்த ஒரு காட்சியைப் பிரதி எடுத்து அந்த நிறுவனத்தில் கொடுக்கவேண்டும். எந்த நாட்டில் படம் எடுத்தார்கள் என்று அவர்களே தேடட்டும். தியேட்டரில் படத்தை நிறுத்தச் சொல்ல முடியாது. டிவிடி வரும் வரைக்கும் பொறுத்திருந்தோம். மார்கழியில் அது காத்தான்குடிக்கு வந்தது. கடைக்காரர் எனக்குப் பழக்கமானவர்.

"தியேட்டருக்குள்ள கமெரா வெச்சுப் புடிச்ச சாமான் எனக்கு வேணாம்" என்றேன்.

"என்ன சேர், என்னையா சொல்லுறீங்க? இது ஒரிஜினல் கொப்பி."

"ஒரிஜினலா, கொப்பியா?"

"ஒரிஜினல்ட கொப்பி சேர். இதுக்கு மேல ஒரு சாமான் உலகத்தில இல்ல."

எதற்காக என்று சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்தினார். ரிமோட்டை எடுத்து, எந்தப் பொத்தானை அழுத்தினால் படம் நிற்கும், எதை அழுத்தினால் ஒவ்வொரு படமாக நகரும் என்று ஆறுதலாகக் காட்டித் தந்தார். "அல்லாஹ் நாடினா அவர்தான் சேர்" என்றார்.

அன்று பகலிலேயே பார்த்தோம். அடைமழை. கரண்ட் போய்விடும் என்ற பயத்தில் தங்கச்சி முன்பகுதியையெல்லாம் வேகமாக ஓடவிடச் சொன்னாள். நான் கடன் வாங்கிய கமெராவைத் தொலைக்காட்சிக்கு முன் பிடித்துக்கொண்டு நின்றேன். ரிமோட் மகளின் கையில். மலைச்சரிவு வந்தது, வலைகள் வந்தன, அவன் வந்தான். "இந்தா" என்றாள் தங்கச்சி. மகள் நிறுத்தினாள். கொஞ்சம் பிந்திவிட்டது. கிட்டே இருந்த காட்சி போய், வரிசை முழுவதும் தெரியும் அடுத்த காட்சி நின்றது.

"அம்மா, இந்தா அப்பா" என்றாள் மகள், திரையில் விரல் வைத்து.

"ஓம் புள்ள. கொஞ்சம் பின்னுக்கு எடு."

மகள் எடுக்கவில்லை. திரைக்கு இன்னும் கிட்டப் போனாள்.

"அம்மா, இஞ்சயும் அப்பா."

நான் கமெராவை இறக்கினேன்.

"இஞ்சயும் நிக்கிறார். இந்தா, இஞ்ச. அம்மா, கனக்க அப்பா!"

அவள் சந்தோஷத்தில் சொன்னாள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது ஒரு விளையாட்டு. விரல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவியது. நான் ரிமோட்டை வாங்கி ஒவ்வொரு படமாக நகர்த்தினேன். வரிசையில் நின்ற எல்லாரும் ஒரே நொடியில் விளிம்பைக் கவ்வினார்கள். எல்லாருக்கும் வலக்கால் அரை அடி முன்னே வந்தது. ஒரே நாடி, ஒரே வாய், வலை விரியும் வட்டத்தில் ஒரே மடிப்பு. பின்னால் மலை வரைக்கும் அந்த ஒருவன்தான். பதினாயிரம் வீரர்கள் என்று எவரும் இல்லை. ஒருவனைக் கணினியில் போட்டுப் பெருக்கியிருந்தார்கள்.

எனது கண் இன்னொன்றையும் பிடித்தது. பிடிக்காமல் இருந்திருக்கலாம். அடுத்த வரிசையில் அதே ஆட்கள் வலப்பக்கத்தால் எறிந்தார்கள். அவர்களுக்கு இடக்கால் முன்னே வந்தது. கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள், எல்லாரும் ஒரே ஆள் என்று தெரியாமல் இருக்க. எது முதல், எது திருப்பியது என்று தேடினேன். வாள் தொங்கும் பக்கத்தைப் பார்த்தேன். வலக்கையால் எறிந்தவர்களுக்கு வாள் இடப்பக்கம், இடக்கையால் எறிந்தவர்களுக்கு வலப்பக்கம். இரண்டும் பொருந்தின; எது முதல் என்று அதில் பிடிபடவில்லை. திருப்பியதைக் காட்டிக்கொடுக்கக் கவசத்தில் எழுத்து ஒன்றுமில்லை.

தங்கச்சியும் அதைக் கண்டுவிட்டாள். நான் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை. மகளை உள்ளே போய்த் தலை துவட்டச் சொன்னாள். பிள்ளையின் தலை நனைந்திருக்கவில்லை.

"அப்ப இடக்கையும் பொய்யா அண்ணா?" என்றாள்.

"தெரியா புள்ள."

"நீங்க ஒருநாளும் தெரியா எண்டு சொல்லமாட்டீங்களே."

பிறகு அவள் அழுதாள். 2004இல் முற்றத்தில் மற்றவர்கள் அழுதபோது அவள் அழுதாளா என்று எனக்கு நினைவில்லை. 2007இல் அழவில்லை, 2009இல் அழவில்லை. அன்றுதான், ஓர் உப்புச்சப்பில்லாத மாயாஜாலப் படத்துக்கு முன்னால், வெற்றிலைக் காம்பு கறை பிடித்த கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். திரையில் அந்த வரிசை அப்படியே நின்றது. அதை அணைக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. கடைசியில் கரண்ட் போய் அதுவாகவே அணைந்தது.

டோஹாவுக்கு நான்தான் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். அவன் முதலில் நம்பவில்லை. "நான் பொய் சொல்லல்ல மச்சான்" என்றான். "நான் கண்டனான்தானே."

"ஓம். நாங்களும் கண்டம்."

ஊரில் மெல்ல மெல்ல எல்லாருக்கும் தெரிந்தது. யாரும் தங்கச்சியிடம் கேட்கவில்லை. வான் பிடித்துப் போய் வந்த ஆட்கள் என்னைக் கண்டால் மழையைப் பற்றிக் கதைத்தார்கள். மகள் வகுப்பில் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. தை பிறந்து பெரியப்பா ஒரு நாள் வந்து இருந்தார். அமுது என்ற சொல்லை எடுக்கவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு, "அந்தப் படத்த எடுத்தவனுக்கு ஒரு பதினாயிரம் பேரச் சேர்க்க வக்கில்லையா?" என்று மட்டும் கேட்டார். அவருக்கு உண்மையிலேயே கோபம். நானும் அந்தக் கோபத்தோடுதான் இன்றும் இருக்கிறேன். எங்கள் பக்கத்தில் மட்டும் கேட்டிருந்தால், காணாமற்போனவர்களைத் தேடிப் படத்தோடு அலைந்தவர்களே ஒரு மலைச்சரிவை நிரப்பியிருப்பார்கள்.

இந்தக் கூட்டங்களை எப்படிச் செய்கிறார்கள் என்று பின்பு தேடிப் படித்தேன். முழுவதும் வரைவது குறைவு. புள்ளிகள் ஒட்டிய உடுப்பைப் போட்ட ஒரு மனிதரை வெறும் அறையில் நிறுத்தி, அவர் அசைவதை எடுத்துக்கொள்கிறார்கள். அந்த அசைவின் மேல்தான் கவசம், முகம், வாள் எல்லாவற்றையும் பிறகு பூசுகிறார்கள். இதை நான் தங்கச்சியிடம் சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன். அவள் கேட்டாள், சொன்னேன்.

தோட்டத்தில் கொடி கட்டிக்கொண்டிருந்தவள் திரும்பாமலே சொன்னாள்: "அப்ப ஒருத்தர் எறிஞ்சிருக்கிறார்."

"ஓம். ஒருத்தர்."

"முகம் வேணாம் அண்ணா. பேரும் வேணாம். அந்தக் கிறுகல் ஆருட எண்டு மட்டும் கேட்டு எழுதுங்க."

எழுதினேன். படத்தின் முடிவில் ஓடும் பெயர்களில் அந்த வேலையைச் செய்த நிறுவனத்தின் முகவரியைப் பிடித்து, ஆங்கிலத்தில் ஒரு பக்கம், என்ன காரணத்துக்காகக் கேட்கிறேன் என்பதையும் சேர்த்து எழுதினேன். பதில் இல்லை. அடுத்த வருடம் மறுபடி எழுதினேன். அந்த முகவரியில் இப்போது அப்படி ஒரு நிறுவனம் இல்லை என்று கடிதம் திரும்பி வந்தது. தங்கச்சி இன்றுவரை அமுது கொடுக்கவில்லை. கொடுக்கச் சொல்ல என்னிடமும் காரணம் இல்லை.

அந்த அறையில் வலை எறிந்த மனிதர் யார், எந்த ஊரவர், இடக்கைக்காரரா வலக்கைக்காரரா என்பது உறுதிப்படுத்தப்படவில்லை.